முண்டாசுக்குக் கொடுத்த அபினி

ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதிமூன்றாம் வருஷம் புரட்டாசி மாதத்தில், ஆம்பூரில் தோல் பதனிடுகிற ஷாப்பு ஒன்றில் மேஸ்திரியாக இருந்த சம்பத்துக்கு வால் வலிக்க ஆரம்பித்தது. அவருக்கு வால் கிடையாது. வலி மட்டும் இருந்தது. முதுகெலும்பு முடிகிற இடத்தில் தொடங்கி, பின்னால் ஒரு முழ தூரம் வெறுங்காற்றில் நீண்டு, நடுவில் ஒடிந்து, நுனியில் எரிந்தது. நாட்டு வைத்தியர் எண்ணெய் காய்ச்சிக் கொடுத்தார், அதை எங்கே தேய்ப்பது என்று அவருக்கே தெரியவில்லை. வேலூரில் வெள்ளைக்கார டாக்டர் ஒருவர் வலிக்கிற இடத்தைக் காட்டச் சொல்லி, சம்பத் காட்டிய வெற்றிடத்தை இரண்டு விரலால் மெதுவாக அழுத்தினார். சம்பத் போட்ட சத்தத்தில் வாசலில் கட்டியிருந்த வண்டி மாடு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது. டாக்டர் கையைக் கழுவிவிட்டு, எலும்பு முறிந்திருக்கிறது, கட்டுப் போடத்தான் இடமில்லை என்று சொல்லி அனுப்பினார். அந்த வருஷம் பாலாற்றில் தண்ணீர் வந்தது, தோல் பதனிடப் போடுகிற ஆவாரம்பட்டை விலை ஏறியது.

அந்த வலி ஒரு பூனையுடையது. உடம்பெல்லாம் கறுப்பாகவும் தலையில் மட்டும் தலைப்பாகை கட்டினதுபோல வெள்ளையாகவும் இருந்ததால் அதை முண்டாசு என்று கூப்பிட்டார்கள். அதே ஷாப்பில் தோல் ஊறப்போடுகிற சுண்ணாம்புத் தொட்டியில் வேலை பார்த்த கோவிந்தசாமி வளர்த்த பூனை. காலையில் அவரோடு வேலைக்கு வரும், தோல் கிடங்கில் எலி பிடிக்கும், சாயங்காலம் அவரோடு வீட்டுக்குத் திரும்பும். அதற்கு முந்தின மாசி மாதத்தில், பல நாளாக மூடிக்கிடந்த கழிவுக் குழியில் இறங்கிச் சேறு வாரச் சொன்னார் சம்பத். மூடியைத் திறந்து காற்றாட விட்ட பிறகு இறங்குகிறேன் என்று கோவிந்தசாமி கேட்டார். அதற்கெல்லாம் நேரமில்லை என்று சம்பத் இறக்கிவிட்டார். கயிறு கட்டித் தூக்கியபோது கோவிந்தசாமிக்கு உயிர் இல்லை. குடித்துவிட்டு விழுந்துவிட்டான் என்று சம்பத் முதலாளியிடம் சொன்னார், முதலாளி போலீசிடம் சொன்னார், போலீஸ் எழுதிக்கொண்டு போனது. கோவிந்தசாமி கள்ளுக்கடை இருக்கிற தெருவழியாகக்கூடப் போகாத மனுஷர். அவர் மனைவி கெங்கம்மாள் இதைக் கேட்டவர்களிடமெல்லாம் சொன்னாள். எல்லோரும் தலையாட்டினார்கள், ஒருவரும் வாயைத் திறக்கவில்லை.

பூனை மட்டும் வீட்டுக்குத் திரும்பவில்லை. குழியின் விளிம்பில் போய் உட்கார்ந்து உள்ளே பார்த்துக்கொண்டே இருந்தது. கெங்கம்மாள் தூக்கிக்கொண்டு வந்தால் விடிவதற்குள் திரும்பிப் போய்விடும். கோடை கழிந்து குழியை மறுபடி வார வேண்டி வந்தபோது ஆட்கள் பூனையைப் பார்த்தார்கள், அது நகர்ந்தால்தான் இறங்குவோம் என்றார்கள். சம்பத்துக்கு ஆத்திரம் வந்தது. தோல் புரட்டுகிற தடியை எடுத்து முதுகில் ஒன்று, வாலில் ஒன்று போட்டு, காலால் சுண்ணாம்புத் தொட்டிக்குள் தள்ளினார். ஷாப்பில் வேலை செய்த எல்லம்மா தொட்டிக்குள் கைவிட்டு அதை எடுத்தாள். சேதி கேட்டு ஓடிவந்த கெங்கம்மாள் முந்தானையில் சுருட்டி வீட்டுக்குக் கொண்டுபோனாள். பின்னங்கால் இரண்டும் செத்துப்போயிருந்தன, வால் ஒடிந்திருந்தது, தோல் வெந்து உரிந்திருந்தது. அது கத்தின கத்தலில் தெருவில் யாரும் அன்றைக்கு அடுப்புப் பற்றவைக்கவில்லை.

கடைத்தெருவில் யூனானி மருந்து கொடுக்கிற ஹக்கீம் ஷபீ அஹமது வந்து பார்த்தார். பூனைக்கு வைத்தியம் பார்க்க வந்த முதல் ஹக்கீம் அவர்தான்.

"இது பொழைக்காதும்மா," என்றார். "ஆனா வலி தெரியாம வெச்சிக்கலாம். அபினி குடு. கடுகுல பாதி. ஆட்டுப்பால்ல நல்லா கரைச்சிடணும். ஜாஸ்தி ஆச்சுன்னா மூச்சு நின்னுடும்."

கெங்கம்மாள் கற்றுக்கொண்டாள். பூனையைப் பழந்துணியில் கைக்குழந்தைபோலச் சுற்றி மடியில் வைத்துக்கொள்வாள். பஞ்சுத்திரியைப் பாலில் நனைத்து, கடைவாய்ப் பக்கமாகச் செருகி, ஒவ்வொரு சொட்டாகப் பிழிவாள். முதலில் துப்பும், அவள் கையைக் கீறும். தொண்டையைத் தடவிக்கொடுத்தால் விழுங்கிவிடும். கொஞ்ச நேரத்தில் கண் பாதி மூடி, தாடை தளர்ந்து, அவள் கையிலேயே தலையைச் சாய்க்கும். காலையிலும் பொழுது சாய்கிற நேரத்திலும் கொடுத்தாள். அந்த நேரங்களில்தான் சம்பத் தோல் ஷாப்பில் தடுமாறி விழுந்து, பின்பக்கத்துக் காற்றைப் பிடித்துக்கொண்டு புரண்டார்.

இரண்டையும் பார்த்தவள் எல்லம்மா. அவள் வந்து சொன்னபோது கெங்கம்மாள் நம்பவில்லை. மறுநாள் வேண்டுமென்றே மருந்தைத் தாமதம் செய்து எல்லம்மாவை ஷாப்புக்கு அனுப்பினாள். அங்கே சம்பத் வெற்றிலை மென்றுகொண்டு சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார். இங்கே பூனை முனகியது. பொறுக்க முடியாமல் கெங்கம்மாள் திரியை நனைத்தாள். எல்லம்மா மூச்சிரைக்க ஓடிவந்து, "விழுந்துட்டான்," என்றாள். கோவிந்தசாமி போன பிறகு கெங்கம்மாள் வயிறு நிறையச் சாப்பிட்டது அன்றைக்குத்தான்.

கொஞ்சம் கூட்டிக் கொடுத்தால் என்ன என்று அவளுக்குத் தோன்றாமல் இல்லை. ஹக்கீமிடம் கேட்டாள். அவர் இதை ஆச்சரியமாக எடுத்துக்கொள்ளவில்லை. "பூனைக்கு எவ்ளோ வலியோ அவ்ளோதான் அவனுக்குப் போவும். கூட்டிக் குடுத்தா பூனைதான் போயிடும்," என்றார். அவள் கடுகில் பாதியைத் தாண்டவில்லை, ஒரு வேளையும் தவறவில்லை.

விஷயம் சம்பத் காதுக்கு எட்டியது. ஊரில் அபினி விற்க லைசென்ஸ் வைத்திருந்த கடை ஒன்றுதான். கடைக்காரர் சம்பத்துக்கு தோஸ்த். கெங்கம்மாள் போய் நின்றபோது, சரக்கு இல்லை என்று கையை விரித்தார். இரண்டு நாள் பூனை கத்தியது. அந்த இரண்டு நாளும் சம்பத் வெள்ளை வேட்டி கட்டி, அவள் தெருவழியாகவே நடந்துபோனார். கெங்கம்மாள் பூனையை மடியில் வைத்துக்கொண்டு அவரைப் பார்த்தாள். அழவில்லை.

மூன்றாம் நாள் தேவசகாயம் வந்தார். சுண்ணாம்புத் தண்ணீரில் நின்று நின்று முட்டி வீங்கிப்போன தொழிலாளி. ஷாப்பில் அவரைப்போல நிறையப் பேர் வேலை முடிந்ததும் வலிக்கு அபினி தின்பவர்கள். கோவிந்தசாமியைக் குழியிலிருந்து தூக்கிய கயிற்றைப் பிடித்தவர்களும் அவர்கள்தான், குடிக்கவில்லை என்று தெரிந்தும் பேசாமல் இருந்தவர்கள். தேவசகாயம் ஒரு வாழையிலைத் துண்டைப் பிரித்தார். ஒவ்வொருவரும் தன் பங்கில் கிள்ளின கறுப்புத் துணுக்குகள் அதில் ஒட்டிக்கொண்டிருந்தன.

"உங்களுக்குக் கம்மி ஆயிடுமே," என்றாள் கெங்கம்மாள்.

"எங்க வலி எங்களுக்குப் பழகிப்போச்சு. அவனுக்குப் புதுசு இல்ல? குடும்மா."

அன்று சாயங்காலம் கடைத்தெரு நடுவில் சம்பத் விழுந்தார். தூக்கிவிடக் குனிந்தவர்களில் நாலைந்து பேர், யாரென்று பார்த்துவிட்டு நிமிர்ந்துகொண்டார்கள்.

கார்த்திகையில் அவர் வழிக்கு வந்தார். சாப்பிட முடியவில்லை, மல்லாந்து படுக்க முடியவில்லை, பின்னால் யார் நடந்தாலும் மிதித்துவிடுவார்களோ என்று அலறினார். என்ன வேண்டும் என்று கேட்டு எல்லம்மாவிடம் சொல்லியனுப்பினார். ஷாப்பில் எல்லார் முன்னாலும் நடந்ததைச் சொல்லட்டும் என்று கெங்கம்மாள் பதில் அனுப்பினாள். ஒரு காலை நேரத்தில், முதலாளியும் ஆட்களும் நிற்க, சம்பத் குழியருகே கைத்தடியை ஊன்றி நின்று சொன்னார். கோவிந்தசாமி குடிக்கவில்லை. காற்றாட விடச் சொல்லிக் கேட்டான். நான்தான் இறக்கினேன். சொன்னது பொய். தேவசகாயம் தலைத்துண்டை அவிழ்த்தார். முதலாளி அந்த இடத்திலேயே சம்பத்தை வேலையை விட்டு நிறுத்தினார். கெங்கம்மாள் கடைசிவரைக்கும் நின்று கேட்டுவிட்டு வீட்டுக்குப் போய், கையைக் கழுவிக்கொண்டு ஆட்டுப்பாலில் அபினியைக் கரைத்தாள்.

சம்பத்துக்கு அது புரியவில்லை. சொன்ன பிறகும் ஏன் வலிக்கிறது என்று ஹக்கீமைப் போய்க் கேட்டார். பூனைக்கு வலிக்கிற மட்டும் வலிக்கும் என்றார் ஹக்கீம். மருந்தின் வேகம் இறங்கினால் வலி பூனையிடமே திரும்பிவிடுகிறது, அதனால்தான் நடுவில் அவரால் மூச்சு விட முடிகிறது. ஆனால் மருந்து வேலை செய்கிற நேரத்தில் பூனை செத்துப்போனால், திரும்பிப்போக வலிக்கு ஒரு உடம்பு இருக்காது. இதைச் சொல்லிவிட்டு ஹக்கீம் அடுத்த நோயாளியைக் கூப்பிட்டார்.

தை பிறந்தபோது முண்டாசு தானாகப் பால் குடிப்பதை நிறுத்தியது. மூச்சு மேலே மேலே வாங்கியது. ஒரு நாள் மத்தியானம், நல்ல வெயிலில், சம்பத் வண்டியில் வந்து கெங்கம்மாள் வாசலில் இறங்கினார். அவள் பூனையைத் துணியில் சுற்றி மடியில் வைத்திருந்தாள். பக்கத்தில் கிண்ணமும் திரியும் இருந்தன.

"கெங்கம்மா, அது போவப் போவுது. இப்ப எதுக்கு மருந்து?"

"போவும்போதுதான் வலி ஜாஸ்தி மேஸ்திரி."

"நான்தான் எல்லார் முன்னாலயும் சொன்னேனே. நீ கேட்டதைச் செஞ்சேனே."

"செஞ்சீங்க. என் வூட்டுக்காரர் பேரு சுத்தமாச்சு. அது அவரு கணக்கு." அவள் பூனையின் தலையைத் தடவினாள். "இது இன்னா கேக்குதுன்னு நீங்க இதுகிட்ட கேட்டீங்களா?"

சம்பத் மண்ணில் உட்கார்ந்தார். "ஒரே ஒரு வேளை விட்டுடு. உன் கால்ல வேணா விழறேன்."

கெங்கம்மாளுக்கு இரக்கம் வருமா என்று எல்லம்மா சுவரோரமாக நின்று கவனித்தாள். பூனை கண்ணைத் திறந்து முனகியது, முன்னங்கால் நகத்தால் அவள் புடவையைப் பற்றிக்கொண்டது.

"காத்தாட விடுங்கன்னு அவரும் உங்களைத்தான் கேட்டாரு," என்றாள் கெங்கம்மாள். திரியை நனைத்து, கடைவாயில் வைத்துச் சொட்டுச் சொட்டாகப் பிழிந்தாள். தொண்டையைத் தடவிக்கொடுத்தாள். பூனை விழுங்கியது. நகம் தளர்ந்தது. சம்பத் வாசலில் புரண்டு கத்த ஆரம்பித்தபோது அது கண்ணை மூடியிருந்தது. வெயில் வாசற்படியைத் தாண்டுவதற்குள் மூச்சு நின்றது. அதன் முகத்தில் வலியின் சாயலே இல்லை என்று எல்லம்மா கடைசிவரைக்கும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

கெங்கம்மாள் அதைக் கோவிந்தசாமி பக்கத்திலேயே புதைத்தாள். பிறகு இருபது வருஷத்துக்கு மேல் ஆம்பூரிலேயே இருந்து, பட்டை இடித்தும் ஆடு வளர்த்தும் காலம் தள்ளினாள். சம்பத்தும் அதே ஊரில்தான் இருந்தார். வலி அவரை விட்டுப் போகவில்லை. முதுகு சாய்க்க முடியாததால் தச்சர் அவருக்குப் பின்பலகை இல்லாத நாற்காலி செய்துகொடுத்தார். ஊருக்கும் பழகிவிட்டது. சந்தையில் அவருக்குப் பின்னால் நிற்க வேண்டி வந்தால் இடம் விட்டு நின்றார்கள், விடாமல் நின்று மிதித்தவர்களும் உண்டு. மிதித்தவர்கள் மன்னிப்புக் கேட்கவில்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தைந்தாம் வருஷம் சித்திரையில் சம்பத் இறந்தார். பாடை கட்ட வந்தவர்கள் ஆள் உயரத்துக்கு மூங்கிலை அளந்து, மேற்கொண்டு ஒரு முழம் சேர்த்து வெட்டினார்கள். பாலாற்றங்கரைக்குப் போகும் வழியில் பாடை கெங்கம்மாள் வீட்டைத் தாண்டியது. அவள் வெளியே வந்து, தெருவில் மேய்ந்த ஆட்டை ஓரமாகப் பிடித்துக்கொண்டு, முழுதும் போய் முடியட்டும் என்று நின்றாள்.