மூன்றாம் மாடியில் நின்ற மேசை

லாசால் என்ற நகர்ப்பகுதியில் இருபத்தெட்டு வீடுகள் கொண்ட அந்தக் கட்டடத்தை ஏப்ரலில் இடித்து, கல்லையும் அள்ளிக்கொண்டு போன பிறகும் அங்கே குடியிருந்த வெர்னாவின் சாப்பாட்டு மேசை மூன்றாம் மாடி உயரத்தில் அந்தரத்திலேயே நின்றது. இரண்டு கதிரைகளும் பக்கத்தில் நின்றன. பாரந்தூக்கி கொண்டுவந்து சங்கிலி போட்டு இழுத்தார்கள். சங்கிலி அறுந்தது. மேசையில் இருந்த சீனிப் போத்தல்கூட அசையவில்லை.

அந்த மேசை முன்பு ஒருமுறை இடம்பெயர்ந்திருக்கிறது. வெர்னா சிறுமியாக இருந்தபோது, கறுப்பின மக்கள் குடியிருந்த அவருடைய தெருவைப் பெருந்தெரு போடவென்று இடித்தார்கள். ரயிலில் வேலை செய்த தகப்பன் மேசையைத் தலையில் சுமந்து வந்தார். அறுபது வருடங்களுக்குப் பிறகு, புதுப்பிக்க வேண்டும், வெளியேறுங்கள் என்று கட்டடத்தை வாங்கிய கம்பனி கடிதம் போட்டது. அங்கே இருபத்திரண்டு கறுப்பினக் குடும்பங்களும் ஆறு தமிழ்க் குடும்பங்களும் இருந்தன. அதே கம்பனியின் பக்கத்துக் கட்டடம் இதைவிடப் பழையது. அதில் வெள்ளையர் இருந்தபடியால் பெயின்ற் மட்டும் அடித்தார்கள். வெர்னா எல்லோரையும் மேசைக்குக் கூப்பிட்டுக் குடியிருப்பாளர் சங்கம் தொடங்கினார். செவ்வாய்தோறும் மனு எழுதினார்கள். மாநகரசபைக்குப் போய்ப் பேசினார்கள். சபையில் இருந்தவர்கள் கைபேசியைப் பார்த்தபடி கேட்டார்கள்.

இரண்டாம் மாடியில் தனியே இருந்த செல்வமலரும் கையெழுத்துப் போட்டாள். ஆனால் கடிதம் வந்த அன்றே கதவடியில் ஒரு பையையும் வைத்துவிட்டாள். தொண்ணூற்றைந்தில், போர் நெருங்கி எல்லோரையும் ஊரைவிட்டு வெளியேறும்படி ஒலிபெருக்கி சொன்ன அன்று, பிறப்புப் பத்திரங்களையும் காணி உறுதியையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு வலிகாமத்தை விட்டு நடந்தவள் அவள். போகச் சொன்னால் உடனே போகிறவர்கள்தான் உயிரோடு மிஞ்சுவார்கள் என்பது அவளுக்குப் பழகிப்போயிருந்தது. வெர்னா வரும்போதெல்லாம் பையைக் காலால் தட்டுவார்.

"இதென்ன மலர், உன்ர நாயா? எப்ப பாத்தாலும் வாசல்ல படுத்துக்கிடக்குது."

ஜனவரிக் குளிரில் கம்பனி வீடுகளைச் சூடாக்கும் ஹீற்றரை நிறுத்திவிட்டுப் பழுது என்றது. செல்வமலரின் மகள் பிரஷாந்தினி லவாலில் இருந்து காரோடு வந்தாள். செல்வமலர் பையைத் தூக்கினாள்.

"நாலு நாள்தான் வெர்னா, பேந்து வாறன். நீரும் லவாலுக்கு வாருமன்."

"நான் எழும்பினா அவங்கள் வந்து இருந்திடுவாங்கள். நீ போ. உன்ர கதிரையை ஒருத்தருக்கும் குடுக்கமாட்டன்."

நாலாம் நாள் அவள் திரும்பி வந்தபோது, வெர்னா மேல்கோட்டுடன் மேசைக்கு முன்னால் இருந்தபடியே இறந்துபோயிருந்தார். எதிரே செல்வமலரின் கோப்பை கழுவிக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. கம்பனி மலர்வளையம் அனுப்பியது. அதே வாரம் மற்ற வீடுகளுக்கு வெளியேறும்படி கடைசி அறிவித்தலும் அனுப்பியது.

மே மாதத்தில் ஓர் அதிகாரி வந்து மேசையை அண்ணாந்து பார்த்து எழுதினார்: தளபாடம் பாவனையில் இருக்கும்வரை அது குடியிருப்பு, குடியிருப்பு உள்ள காணியில் வேறு கட்டடம் கட்ட முடியாது, ஒவ்வொரு நாளும் யாராவது வந்து அதில் இருக்க வேண்டும், ஒரு நாள் தவறினாலும், திரும்பி வருவதற்கு வெளியேறிய குடும்பங்களுக்கு உள்ள உரிமை இல்லாமல் போகும்.

மறுநாள் காலை செல்வமலர் பையுடன் வந்தாள்.

"அம்மா, விழுந்தியளெண்டா ஆர் பாக்கிறது?" என்று பிரஷாந்தினி கத்தினாள்.

"விழுந்தாப் பேந்து பாப்பம். அந்தச் சுடுதண்ணிப் போத்தலைத் தா."

முன்பு இரும்புப் படிகள் இருந்த இடத்தில் அவள் கால் வைத்தாள். கால் ஊன்றியது. பதினெட்டாம் படி முன்பு ஆடிய மாதிரியே ஆடியது. மேலே போய்த் தன் கதிரையில் இருந்தாள். கம்பனிக்காரன் கீழே நின்று ஒலிபெருக்கியில் இறங்கச் சொன்னான். அவளுடைய கை பையைப் பிடித்தது. முழங்கால் எழும்பப் பார்த்தது. எதிரே வெர்னாவின் கதிரை வெறுமையாக இருந்தது. அவள் பையைத் திறந்து பத்திரங்களை ஒவ்வொன்றாக மேசையில் அடுக்கி, அவை பறக்காமல் சீனிப் போத்தலை மேலே வைத்துவிட்டுத் தேத்தண்ணி ஊற்றினாள்.

அது நடந்து இரண்டு வருடம். இப்போது எல்லாக் குடும்பத்தினரும் முறைவைத்து வந்து மேசையில் இருக்கிறார்கள். செவ்வாய் செல்வமலரின் முறை. பஸ்ஸில் போகிறவர்கள் அண்ணாந்து பார்ப்பதில்லை. தபால்காரி கடிதங்களை மேலேயே கொண்டுவந்து கொடுக்கிறாள். பதினெட்டாம் படியைத் திருத்தித் தரும்படி செல்வமலர் கம்பனிக்கு மூன்று தரம் எழுதிவிட்டாள். பதில் இல்லை.