நாலாயிரம் பேர் வேலை பார்க்கும் விசில் பட்டறை

1

மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை ஒரு படிவத்தின் கடைசிக் கட்டத்தில் பிறந்தது.

போன வாரம் எனக்கு ஒரு கடிதம் வந்தது. வீட்டிலிருந்தபடி தொழில் செய்கிறவர்களைப் பற்றிய அரசுக் கணக்கெடுப்பாம். குலுக்கலில் நான் விழுந்திருக்கிறேன். தொழில்: கதை எழுதுதல். மூலப்பொருள் என்ன என்று கேட்டிருந்தார்கள். காப்பி என்று எழுதினேன். இயந்திரங்கள்? ஒரு நாற்காலி, அதுவும் ஆடும். உற்பத்தியில் வீணாவது எவ்வளவு? இந்தக் கேள்விக்கு வந்ததும் பேனாவை மூடிவைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசியில் 'வேறு ஏதேனும் கூற விரும்பினால்' என்று தீப்பெட்டி அளவுக்கு ஒரு கட்டம். தேவைப்பட்டால் தனித்தாள் இணைக்கலாம் என்று வேறு போட்டிருந்தது. கதை எழுதுகிறவனிடம் போய் இப்படிச் சொல்லலாமா? இணைத்துக்கொண்டே இருக்கிறேன்.

2

தொடக்கம், முதல் முயற்சி: 'மேகங்கள் கவிந்திருந்த ஒரு மாலைப்பொழுதில், வாழ்வின் பொருளைத் தேடி அவள்...'

வேண்டாம். மேகத்துக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்.

இரண்டாம் முயற்சி: 'விசிலக்கா விசிலை வாயில் வைத்து ஊதினாள்.'

இது தேவலை. ஆளும் வந்துவிட்டாள், வேலையும் ஆரம்பித்துவிட்டது.

விசிலக்கா என்பது தெரு வைத்த பெயர். வீட்டின் முன்னறைதான் அவளுடைய விசில் பட்டறை. கொழுந்தன் தகடு வெட்டி வளைப்பான். வீட்டுக்காரர் பற்றவைத்து, உள்ளே தக்கை உருண்டையைப் போடுவார். விசிலக்கா ஒவ்வொன்றையும் ஊதிப் பார்ப்பாள். 'இது சரி' என்று ஒரு பக்கம், 'இதுக்குத் தொண்டை கட்டியிருக்கு' என்று இன்னொரு பக்கம். நாத்தனார் வெந்நீரில் அலசித் துடைத்துப் பெட்டியில் அடுக்குவாள். (அலசுவதை ஏன் சொல்கிறேன் என்றால், உங்கள் முகம் போன போக்கு அப்படி.)

அவள் ஊதாத விசில் அந்த வாசலைத் தாண்டாது. வேறு யார் ஊதிச் 'சரி' என்றாலும் அவள் காதில் ஏறாது. ஊதும்போது அவள் முகத்தில் வருகிற சந்தோஷத்தை வர்ணிக்க மூன்று உவமை யோசித்தேன். மூன்றும் அவளுக்குப் பிடிக்காது என்று தோன்றியதால் அடித்துவிட்டேன்.

3

சில வருடங்களுக்கு முன் ஒரு நாள், பெரிய தொழிற்சாலைகளுக்காக அச்சடித்த படிவம் ஒன்று தவறுதலாக இவள் வாசலில் வந்து விழுந்தது. 'பணியாளர்கள்' என்று ஒரு கட்டம். பக்கத்தில் பொடி எழுத்தில், '(ஆயிரத்தில்)'. விசிலக்கா அடுப்பில் பாலை வைத்திருந்தாள். பால் பொங்குவதற்குள் முடிக்க வேண்டும். நான், அவர், கொழுந்தன் சின்னவன், நாத்தனார் என்று விரல்விட்டு எண்ணி, 4 என்று எழுதினாள்.

தீர்ந்தது கதை. அரசின் கணக்கில் அன்றைக்கே நாலாயிரம் பேர் அவளிடம் வேலைக்குச் சேர்ந்துவிட்டார்கள்.

சின்னக் கடைகளை எப்போதாவது குலுக்கல் போட்டுத்தான் கேட்பார்கள். பெரிய நிறுவனம் என்றால் ஒரு கணக்கெடுப்பு விடாமல் கட்டாயம் கேட்பார்கள். அதிலிருந்து படிவங்கள் அவள் வீட்டை முற்றுகையிட்டன. தண்ணீர் எவ்வளவு செலவாகிறது, பணியாளர்களை ஏற்றிவரும் பேருந்துகள் எத்தனை, உணவுக்கூடத்தில் எத்தனை பந்தி. கழிப்பறை எத்தனை என்ற கேள்விக்கு 'ஒன்று' என்று மனசாட்சிப்படி எழுதினாள். ஆழ்ந்த கவலை தெரிவித்து உடனே ஒரு கடிதம் வந்தது.

"நாலு பேருக்கு ஒன்னு போதாதா? இவங்களுக்கு எதுக்கு இவ்வளவு கவலை?"

"நம்ம சின்னவன் உள்ள போனா லேசுல வெளிய வரமாட்டான்ல அண்ணி, அது அங்க வரைக்கும் தெரிஞ்சிருக்கு" என்றாள் நாத்தனார்.*

* இந்த வசனத்தை நீக்கிவிடும்படி கொழுந்தன் கேட்டுக்கொண்டான். பரிசீலனையில் இருக்கிறது.

4

இதுவரை சிரித்தோம். இப்போது ஒரு விஷயம் சொல்ல வேண்டும், எனக்கே பிடிக்கவில்லை.

ஒரு படிவத்துக்குப் பதில் எழுத ஒரு பொழுது போகிறது. எழுதுகிற பொழுதில் ஊத முடியாது. விளையாட்டு நடுவர்கள் சங்கம்தான் பட்டறைக்குச் சோறு போடுகிற ஆர்டர். இரண்டு தடவை சரக்கு தாமதமாகப் போய்விட்டது. இந்த வெள்ளிக்கிழமைக்குள் வராவிட்டால் வேறிடம் பார்த்துக்கொள்கிறோம் என்று சொல்லிவிட்டார்கள். ஊதாத விசில்கள் இரண்டு கூடை நிறையக் கிடக்கின்றன. மேசைமேல் படிவங்கள் தலையணைத் தடிமனில் கிடக்கின்றன.

"பேசாம ஊதாமலே அனுப்பிடுவோமே" என்றார் வீட்டுக்காரர்.

"அதுக்குப் பட்டறைய மூடிடலாம்" என்றாள் விசிலக்கா. சொன்ன பிறகுதான் அது நிஜமாகவே நடந்துவிடக்கூடும் என்பது அவளுக்கு உறைத்தது. நாலு பேரும் தத்தம் வேலையைப் பார்ப்பதுபோல் குனிந்துகொண்டார்கள்.

5

அந்த நேரம் பார்த்துக் கணக்கெடுப்பு அலுவலர் வந்தார். (வில்லனாக எழுதத்தான் நினைத்தேன். மீசைகூட வைத்திருந்தேன். வாசலில் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, 'உள்ள வரலாங்களா' என்று கேட்டதும் என் திட்டம் கெட்டது.)

"மேடம், ஃபேக்டரி எந்தப் பக்கம்?"

"நீங்க நிக்கிறதுதான் சார் ஃபேக்டரி. கொஞ்சம் தள்ளி நில்லுங்க, தகட்ட மிதிக்கிறீங்க."

அவர் கொண்டு வந்திருந்தது புதுக் கணக்கெடுப்பு: கணக்கெடுப்புகளால் நிறுவனங்களுக்கு எவ்வளவு சுமை ஏற்படுகிறது என்பதைப் பற்றிய கணக்கெடுப்பு. அதுவே இரண்டு கைகளால் தூக்க வேண்டியதாக இருந்தது.

"மத்த ஆளுங்கல்லாம் ஷிப்ட் முடிஞ்சு போயிட்டாங்களா?"

"எந்த மத்த ஆளுங்க?"

அலுவலர் பையிலிருந்து விசிலக்கா அன்று நிரப்பிய பழைய தாளை எடுத்தார். பார்த்தார். அறையைப் பார்த்தார். மறுபடி தாளைப் பார்த்தார். பிறகு மெதுவாக ஒரு பெட்டியின்மேல் உட்கார்ந்தார்.

விவரம் தெரிந்ததும் முதலில் சிரித்தது விசிலக்காதான். நாத்தனாருக்குப் புரையேறியது. கண்ணில் நீர் வரச் சிரித்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, அலுவலரும் சேர்ந்து சிரித்தார்.

"அப்ப எனக்குக் கீழ ஆயிரம் பேரா அண்ணி?" என்றான் கொழுந்தன்.

"உனக்குக் கீழ ஸ்டூலுதான் இருக்கு. வேலையப் பாரு."

"திருத்திடலாம்ல சார்?" என்று கேட்டார் வீட்டுக்காரர். அலுவலரின் சிரிப்பு நின்றது.

"திருத்தினா, ஒரே நாள்ல நாலாயிரம் பேர்ல நாலு பேர் போக மத்தவங்கல்லாம் வேலை இழந்துட்டதா பதிவாகும். ஒவ்வொருத்தரும் ஏன் போனாங்கன்னு ஆளுக்கொரு படிவம் நீங்க எழுதித் தரணும்."

"வராதவங்க எப்படி சார் போவாங்க?"

அந்தக் கேள்விக்குக் கட்டம் இல்லை.

6

முடிவு (அ): மறுநாள் காலை, அரசின் ஏட்டில் மட்டும் இருந்த அத்தனை பேரும் சாப்பாட்டுப் பாத்திரத்தோடு வாசலில் வந்து நிற்கிறார்கள். கொழுந்தன் தன்னைத்தானே மேலாளராக நியமித்துக்கொள்கிறான். கழிப்பறை வரிசை அடுத்த தெரு வரை போகிறது. ஆளுக்கொரு விசிலை எடுத்து எல்லோரும் ஒரே நேரத்தில்...

எழுதும்போது எனக்கு ஒரே குஷி. இல்லாத ஆட்களுக்கு வேலை கொடுத்துப் பிழைக்கிறவன்தானே நான். ஆனால் விசிலக்கா அந்தக் கூட்டத்தைப் பார்த்துவிட்டு, 'இவங்களுக்கு விசில் சத்தம் தெரியுமா?' என்று ஒரே கேள்வி கேட்பாள். தெரியாது. விடுங்கள்.

முடிவு (ஆ): காலாண்டுக்குக் கொஞ்சம் பேராக ஓய்வு கொடுத்து அனுப்புவது. கடைசி ஆள் போகும்போது விசிலக்காவுக்குப் பல் இருக்காது. ஊதினால் காற்றுதான் வரும். இதுவும் வேண்டாம்.

7

"ஒரு வழி இருக்கு" என்றார் அலுவலர், தரையைப் பார்த்தபடி. "திருத்தப் படிவத்துல, பிழைக்குப் பொறுப்பு யாருன்னு ஒரு கேள்வி இருக்கு. 'நிறுவனம்'னு போட்டா, இப்ப சொன்ன படிவமெல்லாம் வரும். 'அலுவலர்'னு போட்டா இன்னிக்கே முடிஞ்சிடும். உங்க பேரு சின்னக் கடைங்க பட்டியலுக்குப் போயிடும். நான் என்மேல போட்டுக்கறேன்."

"போட்டா உங்களுக்கு என்ன ஆகும்?"

"பெருசா ஒன்னுமில்ல. வேற எங்கயாவது மாத்துவாங்க. பொண்ணுதான் கொஞ்சம் மூஞ்சிய தூக்கி வெச்சுக்குவா. இப்பதான் இந்தப் பள்ளிக்கூடத்துல ஒரு சிநேகிதி கெடச்சிருக்கா."

அவர் இதைச் சாதாரணமாகச் சொல்லப் பார்த்தார். விசிலக்கா கூடையைப் பார்த்தாள். இன்னும் பொழுதிருந்தது, இப்போதே உட்கார்ந்தால் வெள்ளிக்கிழமைக்குள் முடித்துவிடலாம். பிறகு அவர் விரலிலிருந்து பேனாவைப் பிடுங்கிக்கொண்டாள்.

"வேணாம் சார். மூடினா மூடிட்டுப் போறேன். ஒரு குழந்தைய அழ வெச்சு நான் விசில் ஊதணுமா?"

(சிரிக்க வைத்துத்தான் உங்களை அழைத்துவந்தேன், மன்னியுங்கள்.)

8

ஆனால் அந்தக் கேள்விக்கு மூன்றாவது கட்டம் ஒன்று இருக்கிறது: 'மற்றவர். விவரம் தருக.'

யோசித்துப் பாருங்கள். பெரிய ஆலையின் படிவத்தை அவள் வாசலில் போட்டது யார்? 'ஆயிரத்தில்' என்பதைப் பொடி எழுத்தில் அச்சடித்தது யார்? பாலைக்கூட நான்தான் அடுப்பில் வைத்தேன். ஆகவே கதவைத் தட்டிக்கொண்டு உள்ளே போனேன்.

"யாருங்க?" என்றாள் விசிலக்கா.

"இதையெல்லாம் எழுதறவன். தப்பு என்னோடது."

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "வேற வேலையே கிடையாதா உங்களுக்கு?"

இல்லை என்றேன். மூன்றாவது கட்டத்தில் என் கையெழுத்தைப் போட்டேன். அலுவலர் விதிப் புத்தகத்தை மூன்று முறை புரட்டிவிட்டு, செல்லும் என்றார். அவர் முகம் மலர்ந்தது. மறு நொடியே வாடியது.

"சாட்சி வேணுமே. பட்டறை ஆளா இருக்கக் கூடாது, ஆபீஸ் ஆளா இருக்கக் கூடாது, எழுதினவருக்கு வேண்டியவங்களாவும் இருக்கக் கூடாது. ஆனா நடந்தத ஆரம்பத்துலேருந்து முழுசா பாத்திருக்கணும்."

அறையில் இருந்த எல்லோரும் திரும்பிப் பார்த்தோம். உங்களைத்தான்.

சாட்சி: ..............................

விசிலக்கா பேனாவை நீட்டுகிறாள். "இவ்வளவு நேரம் நின்னு பாத்தீங்கல்ல? போட்டுக் குடுங்க, எனக்கு வேலை கிடக்கு."