தொள்ளாயிரம் கிராம் பெண்

அவள் பள்ளிச் சீருடைக் கடையில் துணி வெட்டுபவள். அரை அங்குலம் குறைந்தாலும் கண் கண்டுபிடித்துவிடும். அவளுடைய மகள் பன்னிரண்டு வாரம் முன்கூட்டியே பிறந்தபோது எடை தொள்ளாயிரம் கிராம்.

பிழைத்த குழந்தையைக் குடும்பம் கண்காட்சி ஆக்கியது. முன்வரிசையில் நின்றவர் குழந்தையின் சித்தப்பா. மருந்துக்கடையில் மாத்திரை எடுத்துக் கொடுப்பவர். சொந்தக்காரர்கள் வைத்த பெயர் பாதி டாக்டர். அந்தப் 'பாதி' மட்டும் அவர் காதில் விழுந்ததே இல்லை.

"உள்ளங்கையில அடங்கின குழந்தை! இப்ப ஒன்பது வயசுல நாப்பத்தஞ்சு கிலோ! எல்லாம் நான் சொன்ன சாப்பாடு," என்று விருந்தாளிகளிடம் சொல்வார். சிறுமிக்கு ஓடி விளையாடிக் கால் வலித்தால் அவர் சட்டைப் பையிலிருந்தே வலி மாத்திரை வரும்.

ஒரு மாதமாகச் சிறுமிக்குத் தலைவலி. பிரஷர் பார்க்கலாமா என்று அவள் கேட்டதற்குப் பக்கத்துத் தெரு டாக்டர் சிரித்தார். "குழந்தைக்குப் போய் பிரஷர் பாக்கச் சொல்றீங்களேம்மா!"

மனம் கேட்காமல் அவள் வீட்டுக்கு வந்து பிரசவ ஆஸ்பத்திரிக் காகிதங்களைத் தேடி எடுத்தாள். கடைசி வரி: ஆண்டுதோறும் ரத்த அழுத்தமும் சிறுநீரும் பரிசோதிக்கவும். ஒன்பது வருடமாக அந்த வரியை யாரும் படிக்கவில்லை. அவளும்தான். துணியில் அரை அங்குலம் பார்க்கும் கண்ணை நினைத்து அவளுக்கே வெட்கமாக இருந்தது.

பெரிய ஆஸ்பத்திரியில் குழந்தைகளுக்கான சிறுநீரக டாக்டரம்மா பார்த்தார். துணைக்கு என்று சித்தப்பாவும் வந்திருந்தார். ரத்த அழுத்தம் அதிகம். சிறுநீரில் புரதம் கசிந்தது.

"சிறுநீரகத்துல வடிகட்டுற சின்னச் சின்ன உறுப்புங்க, கடைசி மூணு மாசத்துலதான் பெரும்பாலும் உருவாகும். இவ அதுக்குள்ள வெளிய வந்துட்டா. விட்டுப்போனது அப்புறம் வளராது. இருக்கிற கொஞ்சம்தான் மொத்த வேலையும் செய்யுது. எடை ஏற ஏற அதுங்களுக்குச் சுமைதான்."

அவளுக்கு உடனே புரிந்தது. பள்ளி திறக்கும் மாதத்தில் எட்டுத் தையல்காரர் வேலையை நாலு பேர் செய்வார்கள். முதலில் ஒருவருக்கு முதுகு போகும், பிறகு அடுத்தவருக்கு.

"வலி மாத்திரை ஏதாவது குடுப்பீங்களா? அது இந்த மாதிரி சிறுநீரகத்துக்கு ஆகாது."

சித்தப்பா மின்விசிறியைக் கவனமாக ஆராய்ந்தார். "எப்பவாவது..."

"வாரத்துக்கு ரெண்டு, சித்தப்பா," என்றாள் சிறுமி, உதவி செய்கிற குரலில்.

அன்றைக்குப் பாதி டாக்டர் கால் டாக்டரானார். சிறுமிக்குத் தினம் ஒரு சிறிய மாத்திரை. உப்பு குறைந்தது, வலி மாத்திரை நின்றது. எடை மேலும் ஏறாமல் பார்த்துக்கொண்டார்கள். "அப்ப நான் சரியாப் பொறக்கலையாம்மா?" என்று ஒருநாள் கேட்டாள். "நீ அவசரமாப் பொறந்தே. நாங்கதான் மெதுவாப் புரிஞ்சுக்கிட்டோம்." ஆறு மாதத்தில் அழுத்தம் இறங்கியது, கசிவும் குறைந்தது. முழுக்க நிற்கவில்லை. வாழ்நாள் முழுக்கப் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

பிறகொரு நாள் அம்மா மாத்திரை வாங்க அவருடைய மருந்துக்கடைக்குப் போனாள். உள்ளே சித்தப்பா, மெலிந்த கைக்குழந்தையோடு நின்ற ஒரு பெண்ணிடம் முழங்கிக்கொண்டிருந்தார்.

"குறைமாசமா? வருஷா வருஷம் பிரஷர், யூரின் பாக்கணும்! எங்க வீட்டுல நான்தான் கண்டுபிடிச்சேன்."

அவளுக்கு நாக்கு நுனிவரை ஒன்று வந்தது. கைக்குழந்தையைப் பார்த்ததும் விழுங்கினாள். அந்தப் பெண்ணிடம் டாக்டரம்மா எந்தக் கட்டடம், எந்தக் கிழமை என்று நிதானமாகச் சொன்னாள்.

"நான் அனுப்பினேன்னு சொல்லுங்க," என்றார் சித்தப்பா.