கேமராவுக்கு ஒரு பிடி

கடைக்காரர் கண்ணாடி மேசையில் கறுப்புத் துணி ஒன்றை விரித்து, அதன் மேல் நான்கு சாமான்களை வைத்தார். கேமராவின் தலையில் செருகிக் கட்டைவிரலை ஊன்றிக்கொள்ள ஒரு பித்தளைத் துண்டு. ஷட்டர் பொத்தான் மேல் திருகி வைக்கும் குமிழ். அடிப்பாதியை மூடும் தோல் உறை, விரல்கள் பற்றிக்கொள்ள முன்பக்கம் புடைத்தது. மணிக்கட்டில் மாட்டும் பின்னல் கயிறு.

"மாட்டிப் பாருங்க சார். அவசரமில்ல" என்றார்.

அவசரம் எனக்குத்தான். சாப்பாட்டு இடைவேளையில் சாப்பிடாமல் வந்திருந்தேன். ஒரே மாதத்தில் நான்காவது தடவை. என்னுடையது பழைய ஃபிலிம் கேமரா, ரேஞ்ச்ஃபைண்டர் வகை. சோப்புக் கட்டி மாதிரி வழவழவென்று இருக்கும். கடைசி மூன்று சுருள்களில் பாதிப் படங்கள் அசைந்து போயிருந்தன. ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த என் மனைவிக்கு நாலு காது. முதலில் வெளிச்சம் போதவில்லை என்றேன். பிறகு கேமராவில் பிடிக்க இடமில்லை என்று முடிவுகட்டினேன். முதலில் வாங்கிய கட்டைவிரல் பிடி டிஜிட்டல் கேமராவுக்கானது. ஃபிலிமை நகர்த்தும் நெம்புகோல் அதில் இடித்துக்கொண்டு நின்றது. அடுத்து வாங்கிய குமிழ் பைக்குள் இருக்கும்போதே அழுந்திவிடும். ஒரு சுருளில் ஐந்து படம் பையின் உட்பக்கம்தான். மூன்றாவதாக வாங்கிய உறையை, ஃபிலிம் மாற்ற ஒவ்வொரு முறையும் கழற்ற வேண்டியிருந்தது. இருந்தும் வேறு உறை, வேறு குமிழ் என்று தேடுவதை விடமுடியவில்லை. வேலைக்கு நடுவிலும் அதே நினைப்பு.

பித்தளைத் துண்டைச் செருகிக் கேமராவைக் கண்ணுக்குக் கொண்டுபோனேன். கடைக்காரர் கேமராவைப் பார்க்கவில்லை, என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதுக்கு மேல மாட்டினா உள்ள கேமரா எங்கன்னு தேடணும் சார்" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். அவர் குரலைத் தணித்து, "தப்பா நினைக்காதீங்க. கொஞ்ச நாளைக்கு ஸ்டாண்டுல வெச்சு எடுத்துப் பாருங்களேன்" என்றார்.

சுருக்கென்றது. பித்தளைத் துண்டை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

நான் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் ரத்தம் எடுப்பவன். பதினேழு வருஷம். ஊசி போனதே தெரியாது என்பதால் அங்கே எனக்குக் கொசு என்று பெயர். நான் விடுப்பில் இருந்தால் திரும்பிப் போய் மறுநாள் வருகிறவர்கள் உண்டு. சர்க்கரை பார்க்க மாதாமாதம் வரும் தலைமையாசிரியை அப்படி ஒருவர். அன்று காலை அவருடைய நரம்பு என் விரலுக்குத் தட்டுப்பட்டது, கண்ணுக்கும் தெரிந்தது, ஆனால் ஊசி முனை ஓரிடத்தில் நிற்க மறுத்தது. முதல் தடவை தவறியது. இரண்டாவது தடவை தோலுக்கடியில் நீலம் பாய்ந்து வீங்கியது. அவர் பல்லைக் கடித்துக்கொண்டு, "பரவாயில்லப்பா, இன்னொரு கை இருக்குல்ல" என்றார். பக்கத்து நாற்காலியில் ரத்தம் எடுத்துக்கொண்டிருந்த, வேலைக்குப் புதிதாகச் சேர்ந்த பெண் வந்து எடுத்தாள். இந்தப் பெட்டி ஊசி சரியில்லை என்று அவளிடம் சொன்னேன். அவள் அதே பெட்டியிலிருந்துதான் எடுத்தாள்.

சாயங்காலம் மனைவி அழைத்துப்போக வந்தாள். ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் சொல்லிக்கொடுக்கிறாள்; பள்ளியின் வண்டியைக் கொண்டுவந்திருந்தாள். நான் அவள் வழக்கமாக உட்காரும் இடது இருக்கையில் ஏறினேன். அங்கே காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. வண்டியை அவள் கிளப்பவில்லை.

"இன்னைக்கு என்ன வாங்கினீங்க?"

"கட்டைவிரலுக்கு ஒண்ணு. இது பித்தளை. நல்லா நிக்கும்."

"வலது கையக் காட்டுங்க."

"எதுக்கு?"

"நான் நாள் முழுக்க அடுத்தவங்க கையப் பாத்துத்தான் சம்பளம் வாங்கறேன். பயத்துல நடுங்கற கை எப்படி இருக்கும்னு தெரியும். உங்களது அது இல்ல."

கையை நீட்டினேன். நீட்டியதும் அடங்கிக் கிடந்தது. ஒரு நிமிஷம் தப்பித்தோம் என்று நினைத்தேன். பிறகு சுட்டுவிரல் தானாக ஆட ஆரம்பித்தது, யாரோ உள்ளிருந்து நூலைச் சுண்டுவது போல.

"எப்பலேர்ந்து தெரியும்?" என்று கேட்டேன்.

"நாலு மாசம். நீங்களா சொல்வீங்கன்னு இருந்தேன். நீங்க கேமராவுக்கு வைத்தியம் பாத்துக்கிட்டு இருந்தீங்க." சாவியில் கை வைத்து, "நாளைக்கு உங்க முன்னாடி ஒரு கைக்குழந்தைய நீட்டினா என்ன பண்ணுவீங்க?" என்றாள்.

என் கால் என்னை அறியாமல் அந்த இன்னொரு பிரேக்கை அழுத்திக்கொண்டிருந்தது. அவள் வண்டியைக் கிளப்பி நகர்த்தப் பார்த்து, பிறகு என் முட்டியை மெதுவாகத் தட்டி, "கால எடுங்க. போகணும்" என்றாள்.

மறுநாள் கூடத்தின் தலைமை மருத்துவரிடம் நானே போய்ச் சொன்னேன். சொல்ல எடுத்துக்கொண்டது அரை நிமிஷம். அவர் அறை வாசலில் நின்றது அரை மணி. ஊசியை வாங்கிக்கொண்டு, குழாய்களுக்குப் பெயர்ச்சீட்டு ஒட்டும் மேசையில் உட்காரவைத்தார்கள். முதல் வாரம் ஒட்டிய சீட்டெல்லாம் கோணல். "கொசுவ மருந்தடிச்சு உக்கார வெச்சுட்டாங்க" என்று நானே சொன்னேன், மற்றவர்கள் சொல்வதற்கு முன். புதுப் பெண் மட்டும் சிரிக்கவில்லை. நரம்பு மருத்துவர் இரண்டு விஷயமாக இருக்கலாம் என்றார். ஒன்றோடு வாழ்ந்துவிடலாம். இன்னொன்றைப் பற்றி இப்போது பேசவேண்டாம், ஆறு வாரம் மாத்திரை சாப்பிடுங்கள், பார்க்கலாம் என்றார். அந்த ஆறு வாரமும் வீட்டுக்குள் ஒரு இடத்தில் உட்கார முடியாமல் அறை அறையாக நடந்தேன்.

அதில் ஐந்தாவது ஞாயிற்றுக்கிழமை என் மனைவி காலி மைதானத்தில் ஒரு மாணவிக்கு வண்டியை வளைத்துத் திருப்பக் கற்றுக்கொடுத்து, அவளை அனுப்பிவிட்டு நின்றிருந்தாள். நான் கேமராவோடு போயிருந்தேன். எல்லாப் பிடிகளையும் கழற்றியிருந்தேன். திறந்திருந்த கார்க் கதவின் மேல் முழங்கைகளை ஊன்றி, மூச்சை அடக்கிக் கண்ணை வைத்தேன். சட்டத்துக்குள் அவள் முகமும் பின்னால் வெயிலில் வெளுத்த மண்ணும் லேசாக ஆடின.

"அசையாம நில்லு" என்றேன், பழக்கதோஷத்தில்.

அவள் என்னைப் பார்த்தாள்.

"யாரு, நானா?"

அதற்குள் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. தோள் குலுங்க, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, ஒரு கையால் காரின் கூரையைப் பற்றினாள். கார் ஆடியது. கதவு ஆடியது. நான் பொத்தானை அழுத்தினேன்.