வாலில்லாத காளான்

வெள்ளிக்கிழமை என்றால் கொடிகாமத்தில் மீனாம்பிகை வீட்டு அடுப்பில் மீனோ இறைச்சியோ, மச்சம் எதுவும் ஏறாது. இந்த வெள்ளி அதற்கு வருத்தப்பட ஆளில்லை. இரண்டு நாள் மழைக்குப் பிறகு அவள் கணவன் கஜீபன் விடியவே வளவுக்குள் இறங்கி, அரிசி புடைக்கிற சுளகு நிறையக் காளான் வெட்டிக்கொண்டு வந்திருந்தான். மீன் இல்லாமல் சோற்றைத் தொடாத பருத்தித்துறைக் கூட்டாளி சிவதர்ஷனையும் மத்தியானச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டுவிட்டான்.

“இறைச்சி தோத்துப் போகும், வந்து பார்!” என்று அவன் போனில் அளந்தது அடுத்த வளவுக்கும் கேட்டது.

லீவுக்கு வந்திருந்த மீனாம்பிகையின் தங்கை உதயகலா மட்டும் சுளகின் முன்னால் குந்தியவள் எழும்பவேயில்லை. அவள் கொக்குவிலில் மாலை வகுப்பொன்றில் காளான் படிக்கிறாள். உள்ளபடி சொன்னால், அது வைக்கோல் பையில் காளான் வளர்க்கிற வகுப்பு. காட்டுக்காளானைப் பற்றி ஒரேயொரு பாடம் நடந்தது. அதிலும் ஆசிரியர் படம் காட்டிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போய்விட்டது.

“என்ன மச்சாள், அதுகளோடை கதைக்கிறீரோ?” என்றான் கஜீபன்.

“அத்தான், உதுகளின்ரை அடித்தண்டு எங்கை?”

“மண் ஒட்டுமெண்டு கத்தியாலை மேலோட்டமா வெட்டினனான். துப்புரவாக் கிடக்கெல்லே?”

அந்தத் துப்புரவுதான் அவளுக்குப் பிரச்சினை. கறையான் புற்றில் முளைக்கும் நல்ல காளானின் தண்டு, நீளமான வால்போல மண்ணுக்குள் இறங்கிப் புற்றுவரை போகும். அதைப்போலவே வெள்ளைக் குடை விரிக்கும் நஞ்சுக்காளானுக்கு அந்த வால் கிடையாது. முற்றினால் நஞ்சுக்காளானின் குடைக்கு அடியில் இருக்கும் மடிப்புகள் பச்சை பிடிக்கும். சுளகில் இருந்தவை எல்லாம் பிஞ்சு, எல்லாம் வெள்ளை, ஒன்றுக்கும் வால் இல்லை. அதை அவள் வாய்விட்டே சொன்னாள்.

“சும்மா வெருட்டாதை,” என்ற மீனாம்பிகை, பிள்ளையின் வெள்ளிக் கொலுசைக் கழுவி, நாலைந்து காளானோடு தண்ணீரில் கொதிக்கவைத்தாள். கொலுசு பளபளவென்று வெளியே வந்தது. “பார், கறுக்கேல்லை. அம்மாவும் இப்பிடித்தான் பாக்கிறவ.”

“வெள்ளிக்கு நஞ்சு தெரியாது, அக்கா.” சொல்லிமுடிப்பதற்குள் உதயகலாவின் குரல் மெலிந்துவிட்டது. ஆசிரியர் அப்படித்தானே சொன்னார்? அல்லது, கொலுசு கறுத்தால் மட்டும் நம்பலாம் என்றாரா?

அதற்குள் சிவதர்ஷன் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கி, கதையைக் கேட்டுச் சிரித்தான். “தங்கச்சி, என்னைக் கொல்லுறதெண்டால் சாப்பிட்டாப்பிறகு கொல்லு. பசி உயிர் போகுது.”

“வெட்டின இடத்தைக் காட்டுங்கோ, அத்தான். கிண்டிப் பாப்பம்.”

கஜீபன் அலவாங்குக் கம்பியைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தான். பின்னால் உதயகலா, அதற்குப் பின்னால் பசியோடு சிவதர்ஷன். பனைகளுக்கு நடுவே இருந்த புற்றின் ஓரத்தில், வெட்டிவிட்ட தண்டின் மிச்சம் தெரிந்தது. கிண்டக் கிண்ட வால் இறங்கிக்கொண்டே போனது.

“இந்தா உம்மடை வால்!” கஜீபன் அதை மாலைபோலத் தூக்கிக் காட்டினான். “இனியாவது எங்களைத் தின்னவிடுவீரோ?”

உதயகலாவுக்கு வெட்கத்தில் காது சுட்டது. பேசாமல் திரும்பியிருப்பாள். ஆனால் புற்றடியில் இருந்த வெட்டுகள் கொஞ்சம்தான். சுளகோ நிறைய.

“எல்லாம் உதிலையே வெட்டினது?”

கஜீபன் தலையைச் சொறிந்தான். “பாதி. மிச்சம் மாட்டுக்கொட்டிலுக்குப் பின்னாலை. எல்லாம் ஒண்டுதானே எண்டு…”

கொட்டிலுக்குப் பின்னால் புல்லுக்குள் அலவாங்கு ஒருமுறை இறங்கியதும் தண்டின் மிச்சம் கட்டையாகக் கழன்று வந்தது. வால் இல்லை. பக்கத்தில் அவன் வெட்டாமல் விட்ட முற்றிய குடை ஒன்று சரிந்து கிடந்தது. உதயகலா அதைத் திருப்பினாள். அடிமடிப்புகள் வெந்தயக்கீரை அரைத்துப் பூசியதுபோல் பச்சையாக இருந்தன.

சிவதர்ஷன்தான் முதலில் வாயைத் திறந்தான். “மச்சான், உன்ரை மனுசி அடுப்பு மூட்டிப்போட்டாவோ?”

மூவரும் ஓடினார்கள். தேங்காய்ப்பால் கொதிக்கிற வாசம் கிணற்றடிக்கே வந்துவிட்டது. மீனாம்பிகை உப்புப் பார்க்க அகப்பையை வாய்க்குக் கொண்டுபோன நேரம், உதயகலா அவள் கையைப் பிடித்து இழுத்தாள். கறி நிலத்தில் சிந்தியது.

“உனக்கென்ன விசரோ?”

“கொட்டு, அக்கா. எல்லாத்தையும் கொட்டு.” பின்னால் ஓடிவந்த கஜீபன், புற்றடியில் வெட்டிய பாதி நல்லது, கொட்டிலடியில் வெட்டிய பாதி நஞ்சு என்று சொன்னான்.

“நல்லதைப் பொறுக்கி எடுக்கேலாதோ? பாதி நல்லதெண்டு அத்தானே சொல்லுறார்.”

“எனக்குப் பொறுக்கத் தெரியாது.” இந்த முறை உதயகலாவின் குரல் மெலியவில்லை. “எது எதெண்டு தெரியாததாலைதான் கொட்டச் சொல்லுறன்.”

கஜீபன் சுளகையும் கறிச்சட்டியையும் தூக்கிப்போய், நாய் கிளறாதபடி ஆழமாகக் கிடங்கு வெட்டிக் காளானைக் கறியோடு தாட்டு மண் மூடினான். சிவதர்ஷன் அம்மியடியில் குந்திச் சம்பலுக்குத் தேங்காய் துருவினான்.

மீனாம்பிகைதான் அடங்கவில்லை. ஒரு முழுத் தேங்காயின் பால், அரைத்த கறிச்சரக்கு, ஒரு காலை வேலை என்று ஏசி ஏசி, கறிச்சட்டியைச் சாம்பல் போட்டுத் தேய்த்தாள். கழுவினாள். மணந்து பார்த்தாள். திரும்பவும் தேய்த்தாள்.

“மண்சட்டி நஞ்சை உறிஞ்சுமோடி?” என்றாள் கடைசியில்.

“தெரியேல்லை, அக்கா.”

மீனாம்பிகை சட்டியைத் தூக்கினாள். பிறகு வேலியோரம் போய், பூவரசடியில் ஓங்கிப் போட்டு உடைத்துவிட்டு வந்து, பருப்புக்கு உலை வைத்தாள்.