பொன்னுத்தாயின் கடலைக் கொல்லை

வெள்ளைச்சாமிக்கு இருபத்துமூன்று வயதில் வேலை போயிற்று. அவன் பேரில் தப்பு ஒன்றுமில்லை. 1948 மார்ச்சில் புதுக்கோட்டை சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்து திருச்சி ஜில்லாவில் ஒரு பகுதியானது. அவன் சேவகம் பார்த்த, கண்மாய் கரைகளைப் பராமரிக்கும் மராமத்து ஆபீஸைப் பூட்டிவிட்டார்கள். நான்கு வருஷம் தோளில் சிவப்புப் பட்டையும் நெஞ்சில் பித்தளை வில்லையுமாக ஃபைல் சுமந்தவன், "சொல்லி அனுப்புறோம்" என்ற ஒரு வார்த்தையை வாங்கிக்கொண்டு ஏழு மைல் நடந்து நெடுவயலுக்கு வந்து சேர்ந்தான். யாரும் சொல்லி அனுப்பவில்லை.

ஊரில் அவனுக்குத் துணை இருந்தது. ராசு, ரங்கூனில் ஒரு பெரிய கடையில் சமையல் பார்த்தவன். ஜப்பான்காரன் குண்டு போட்டபோது காடும் மலையும் நடந்தே தப்பி வந்தவன். அந்தோணிமுத்து, ஆவூர்க்காரன், பட்டாளத்தில் பாலம் கட்டும் பிரிவில் இருந்துவிட்டு, சண்டை முடிந்ததும் கலைத்து அனுப்பப்பட்டு, இப்போது மாமனார் வீட்டுச் சோற்றைத் தலை நிமிராமல் தின்றுகொண்டிருந்தான். மூன்று வருஷமாக மழையும் கிடையாது. நிலம் வைத்திருந்த சம்சாரிகளே மாட்டை விற்றுவிட்டு உட்கார்ந்திருந்த ஊரில் இவர்களை யார் வேலைக்குக் கூப்பிடுவார்கள்? திருவரங்குளம் ரோட்டோரப் புளியமரத்தடியில் மூவரும் பஸ் போவதைப் பார்த்துக் கிடப்பார்கள். அந்த வழியாகப் போகும்போதெல்லாம் பொன்னுத்தாய் ஒரு வார்த்தை போடாமல் போகமாட்டாள்.

"ராசா போனாலும் போனாரு, இவனுகளத் தூக்கி இந்த மரத்தடியில போட்டுட்டுப் போயிட்டாரு."

பொன்னுத்தாய் புருஷனை இழந்தவள். மகன் மலேயாவுக்குப் போனவன், சண்டைக்குப் பிறகு கடுதாசி இல்லை. ஊர்க் கண்மாயில் மிஞ்சிய நீர் வெளியேறும் கலிங்கை ஒட்டி அவளுக்கு ஒரு கொல்லை இருந்தது. குடத்தில் தண்ணீர் சுமந்தே கடலையை உயிரோடு வைத்திருந்தாள். ஊரிலேயே அந்த வருஷம் பச்சையாக நின்றது அது ஒன்றுதான்.

ஐப்பசி பிறந்ததும் மழை பிடித்தது. பதினோரு நாள் விடவில்லை. பன்னிரண்டாம் நாள் காலையில் வெள்ளைச்சாமி கண்மாய்க் கரையில் ஏறினான். வெடித்துக் கிடந்த மண்ணைத்தான் மூன்று வருஷமாகப் பார்த்திருந்தான். இப்போது எதிர்க்கரை தெரியவில்லை. சாம்பல் நிற வானமும் சாம்பல் நிறத் தண்ணீரும் எங்கே ஒட்டுகின்றன என்று தெரியாத ஒரு விரிவு. நடுவில் நின்ற கருவேல மரங்களின் உச்சிக் கொப்புகள் மட்டும் பறவைக் கூடுகளோடு வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. அலை கரையில் அறையும்போது காலுக்கடியில் மண் அதிர்ந்தது. அவன் தன்னையறியாமல் கைகூப்பினான்.

அந்தோணிமுத்து கும்பிடவில்லை. கரையின் மறுபக்கச் சரிவில் இறங்கி, கரை வளையும் இடத்தில் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

"வெள்ளை, இங்கிட்டு வா. இதப் பாரு."

கரையின் அடியில் விரல் கனத்துக்கு நீர் கசிந்தது. கலங்கலாக வந்தது.

"தெளிஞ்ச தண்ணின்னா பயமில்ல. இது மண்ணக் கரைச்சுக்கிட்டு வருது. சாயங்காலத்துக்குள்ள தண்ணிய எறக்கலைன்னா வளைவு பிச்சுக்கும். கீழ ரெண்டு ஊரு இருக்கு."

தண்ணீரை இறக்கக் கலிங்கில் இரும்புக் கதவு உண்டு. அதைத் தூக்கும் திருகுசாவி ஆபீஸில் இருந்தது. எந்த ஆணியில் தொங்குகிறது என்றுகூட வெள்ளைச்சாமிக்குத் தெரியும். வாத்தியார் வீட்டு சைக்கிளை எடுத்துக்கொண்டு மழையில் மிதித்தான். டவுனில் ஆபீஸ் கதவில் அரக்கு முத்திரை இருந்தது. அடுத்த கட்டடத்தில் உட்கார்ந்திருந்த குமாஸ்தா கெட்டவர் இல்லை. வெள்ளைச்சாமி சொன்னதைக் கேட்டதும் அவர் முகமும் வெளிறித்தான் போயிற்று.

"நான் இங்கே வந்தே ஒரு மாசம்தான் தம்பி ஆகுது. முத்திரைய ஒடைக்க எனக்கு அதிகாரம் இல்ல. திருச்சிக்குத் தந்தி குடுக்கிறேன். உத்தரவு வந்ததும் ஆள் அனுப்புறேன்."

"எப்ப வரும் சார்?"

அவர் மழையைப் பார்த்தார்.

வெள்ளைச்சாமி திரும்பி வரும்போது உச்சிப்பொழுது தாண்டியிருந்தது. ஊரே கரையில் நின்றது. கசிவு இப்போது மணிக்கட்டுக் கனம். கலிங்குக்குப் பக்கத்தில் கரையை வெட்டிவிடலாம் என்றான் அந்தோணிமுத்து. அங்கே அடியில் செம்பாறை. தண்ணீர் எவ்வளவு அறுத்தாலும் பாறைக்குக் கீழே போகாது, அளவாக வடியும். ஊர்த் தலைவரான அம்பலம் மறுத்துத் தலையை ஆட்டினார்.

"கரைய வெட்டுனா ஜெயிலு. முன்னாடியும் அப்படித்தான், இப்பவும் அப்படித்தான். சர்க்கார் ஆளு வரட்டும்."

"எந்த சர்க்காருங்க?" என்றான் ராசு. "பழசு போயிருச்சு. புதுசு இன்னும் வந்து சேரல. தண்ணி வந்துருச்சே."

ஒருவரும் மம்பட்டியை எடுக்கவில்லை. ஜெயில் மட்டும் அதற்குக் காரணமில்லை. கலிங்கு ஓரம் வெட்டினால் வெள்ளம் நேரே பொன்னுத்தாயின் கொல்லையில்தான் விழும். அவள் கூட்டத்தின் ஓரத்தில் சாக்கைத் தலையில் போட்டு நின்றிருந்தாள். யாரும் அவள் பக்கம் திரும்பவில்லை. கேட்கிற வாய் யாருக்கும் இல்லை.

வெள்ளைச்சாமிதான் போனான்.

"அத்தே..." என்று ஆரம்பித்தான்.

"சொல்லாத. காது எனக்கும் கேக்குது." அவள் கொல்லையைப் பார்த்தாள். பத்து நாளில் பிடுங்க வேண்டிய கடலை. பிறகு வளைவுக்குக் கீழே தெரிந்த கூரைகளைப் பார்த்தாள். அவற்றில் ஒன்றுகூட அவளுடைய வீடு இல்லை. "மம்பட்டி எங்கடா?"

"அத்தே, நாங்க வெட்டுறோம். நீங்க வேணாம்."

"என் கொல்லைக்குத் தண்ணி விடுறதுக்கு நான்தான வெட்டணும்? குடுறா."

அவன் எடுத்து நீட்டிய மம்பட்டியை வாங்கி, முந்தானையை இழுத்துச் செருகி, கரையில் முதல் வெட்டை அவளே போட்டாள். இரண்டாவது, மூன்றாவது. ஆபீஸில் இருந்தபோது வெள்ளைச்சாமி எத்தனையோ பெரிய மனிதர்களுக்கு முன்னால் கைகட்டி நின்றிருக்கிறான். ஜரிகைத் தலைப்பாகைகளையும் வெள்ளைக்காரத் தொப்பிகளையும் பார்த்திருக்கிறான். உடம்பு முழுக்க மயிர்க்கூச்செறிந்து நின்றது இந்த ஒரு தடவைதான். ராசு குதித்தான். அந்தோணிமுத்து குதித்தான். பிறகு கரையில் நின்ற இளவட்டங்கள், வேலை இல்லை என்று வீட்டில் பேச்சு வாங்கிய அத்தனை பேரும், ஒருவர் பின் ஒருவராக இறங்கினார்கள். கடைசியில் அம்பலமும் மேல்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு கூடையைத் தூக்கினார்.

பொழுது சாயும் முன்னே தண்ணீர் வழி கண்டுகொண்டது. முதலில் ஒரு நாக்குத்தான் எட்டிப்பார்த்தது. "ஏறுங்க, எல்லாரும் ஏறுங்க" என்று அந்தோணிமுத்து கத்தியதைக் காது வாங்குவதற்குள் கரை இரண்டாகப் பிளந்தது. செந்நிறத்தில் ஒரு மலை சரிந்து விழுவது போல விழுந்தது. அந்தச் சத்தத்தில் பக்கத்தில் நின்றவன் அழுவதுகூடக் கேட்கவில்லை. பச்சைக் கொல்லை ஒரு கணம் இருந்தது, மறுகணம் இல்லை. செம்பாறை தெரிந்ததும் அறுப்பு நின்றது. அந்தோணிமுத்து சொன்னது சொன்னபடி. வளைவில் கசிவு மெல்லச் சுருங்கிற்று. பொன்னுத்தாய் இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். "எம்மாம் பெருசு," என்று மட்டும் சொன்னாள். அதில் வருத்தம் இருந்ததா, வியப்பு இருந்ததா என்று வெள்ளைச்சாமியால் பிரிக்க முடியவில்லை.

நாலாம் நாள் ஜீப்பில் ஒரு அதிகாரி வந்தார். யார் வெட்டியது என்று கேட்டு மூன்று இளைஞர்கள் பேரையும் ஒரு பொம்பளை பேரையும் எழுதிக்கொண்டார். வளைவில் இறங்கியவர், கசிவு அரித்திருந்த குழியைக் கையால் அளந்து பார்த்தார். ஏறி வந்ததும் எழுதிய தாளை மடித்துப் பையில் வைத்தார். விசாரணை என்று இரண்டு முறை திருச்சிக்கு அழைத்தார்கள், பிறகு அழைக்கவில்லை.

வேலை ஒன்றும் வந்துவிடவில்லை. கரையை அடைக்க வந்த கண்டிராக்டர் அந்தோணிமுத்துவை மட்டும் இரண்டு மாதம் மேஸ்திரியாக வைத்துக்கொண்டார். பொன்னுத்தாயின் கொல்லையில் முழங்கால் ஆழத்துக்கு மணல் மேவிக் கிடந்தது. மார்கழி முதல் தேதி காலையில், யாரும் யாரையும் கூப்பிடாமலே, பதினேழு பேர் கூடையோடு அங்கே வந்து நின்றார்கள்.

பொன்னுத்தாய் வரப்பு இருந்த இடத்தில் இடுப்பில் கை வைத்து நின்றாள்.

"அங்கிட்டுக் கொட்டாதீங்கடா, ஓடை தூந்துபோகும். மேட்டுல கொண்டுபோய்க் கொட்டுங்க. ஏப்பா வெள்ளை, கூடைய நெறையா அள்ளு. ஆபீஸு வேலை மாதிரி பாக்காத."

வெள்ளைச்சாமி கூடையை நிறைய அள்ளித் தலைக்கு ஏற்றினான்.