எல்லாரும் மில்லுக்குப் போங்க

பக்திப் பாட்டுகளை முடித்துவிட்டு மேடைக்குப் பின்னால் வந்தபோது ஆனந்தவல்லிக்குத் தொண்டை கட்டிக்கொண்டிருந்தது. ஓலைத் தடுப்பை ஒட்டி மைக்செட்காரர் மீரா உசேன் ஆம்ப்ளிஃபயர் பெட்டியைத் தார்ப்பாயால் சுற்றிக்கொண்டிருந்தார். பக்கத்து முக்காலியில் அவருடைய டிரான்சிஸ்டர் கரகரத்தது. வேதாரண்யத்துக்கும் நாகப்பட்டினத்துக்கும் இடையே புயல் இன்றிரவு கரையைக் கடக்கும் என்று திருச்சி வானொலியில் ஒருவர் யாருக்கோ கல்யாணத் தேதி சொல்வதுபோல நிதானமாகச் சொன்னார்.

"காலையில நாளைக்குன்னான். இப்ப ராத்திரிங்கிறான்," என்றார் மீரா உசேன். "ஒயரெல்லாம் நனைஞ்சு கெடக்கு. மைக்கைக் கையால புடிக்காதம்மா, ஸ்டாண்டுலயே இருக்கட்டும்."

அவள் தலையாட்டிவிட்டு ஃப்ளாஸ்கிலிருந்து வெந்நீரை ஊற்றிக் குடித்தாள். மாயவரத்திலிருந்து வேனில் வரும்போதே பட்டுப்புடவையின் கரை நனைந்துவிட்டது. கல்யாணமான நாளிலிருந்து கணவன் கோவிந்தராசுவின் மெல்லிசைக் குழுவில் பாடிக்கொண்டிருக்கிறாள். அவன் ஆர்மோனியம். ஊர் ஊராகப் போய், அதே பாட்டுகளைப் பாடி, முன்வரிசையைப் பார்த்து அதே சிரிப்பைச் சிரித்து, விடிகாலையில் வேனில் வாயைத் திறந்துகொண்டு தூங்கி வருவது. பாட்டு பிடிக்காமல் போய்விட்டதா என்று சில சமயம் தன்னையே கேட்டுக்கொள்வாள். அப்படியும் இல்லை. களைப்பாக இருந்தது, அவ்வளவுதான்.

நெடுந்திடலில் கந்தசஷ்டிக் கச்சேரி எப்போதும் இரவில் நடப்பது. புயல் என்றதும் விழாத் தலைவர் சிங்காரவேலு அதை மத்தியானத்துக்கு மாற்றினார், நிறுத்தவில்லை. குறுவை அறுப்புக் கூலித் தகராறு ஐப்பசிக் கடைசியிலும் தீராமல் கிடந்தது. அந்த வருஷம் திருவிழாவுக்கு யாரும் போகக்கூடாது என்று கூலியாட்கள் வாழும் தெற்குத் தெருவில் செங்கொடிச் சங்கம் தண்டோரா போட்டிருந்தது. ஆனாலும் தெற்குத் தெருப் பெண்கள் கொஞ்சம் பேர், பிள்ளைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு, பந்தலுக்கு வெளியே கயிற்றுக்கு அந்தப் பக்கம் தூறலில் நின்றார்கள். மேடையிலிருந்து பார்க்கையில் அவர்கள் தலையிலிருந்த உரச்சாக்குகளும் அவற்றுக்குப் பின்னால் ரைஸ்மில்லின் செங்கல் சுவரும்தான் தெரிந்தன.

"தலைவருகிட்டச் சொல்லுங்களேன். இதோட முடிச்சுக்கலாம்னு," என்றாள் கணவனிடம்.

கோவிந்தராசு தயங்கித் தயங்கித்தான் போனான். அவளும் பின்னால் போனாள். சிங்காரவேலு பந்தல்காலைப் பிடித்துக்கொண்டு வானத்தைப் பார்த்தபடி நின்றார். கழகக் கரைபோட்ட துண்டு நனைந்து தோளோடு ஒட்டியிருந்தது. ராத்திரியெல்லாம் தூங்காத கண்கள்.

"ஐயா, ரேடியோவுல..."

"கேட்டேன் தம்பி. இப்ப நிறுத்துனா சங்கத்து இராஜாங்கம் சொல்லி நிறுத்துனதா ஆயிடும். பொழுது சாயுற வரைக்கும் பாடிடுங்க. அப்புறம் நானே போகச் சொல்றேன்."

"காத்து வேற மாதிரி இருக்குங்க," என்றாள் ஆனந்தவல்லி.

"எனக்கும் தெரியுதும்மா," என்றார் அவர்.

திரும்பி வரும்போது கோவிந்தராசு மெல்லச் சொன்னான். "பேசாம பாடு வல்லி. பாதியில எறங்குனோம்னு பேராயிட்டா மன்னார்குடிப் பக்கம் ஒருத்தன் கூப்பிட மாட்டான்."

அவள் பாடினாள். அடுத்தது சினிமாப் பாட்டு. சரணம் எடுக்கும்போது காற்று ஒரு நிமிஷம் சுத்தமாக நின்றது. அப்புறம் கிழக்கே இருந்து வந்தது. பந்தல் கூரை மூச்சை உள்ளே இழுத்ததுபோல் மேலே எழும்பி இறங்கியது. ஓரத்துக் கால் ஒன்று குழியிலிருந்து ஒரு சாண் வெளியே வந்து, குழிக்குப் பக்கத்தில் ஊன்றி நின்றது. ட்யூப்லைட் ஒன்று அறுந்து, உட்கார்ந்திருந்த பெண்களுக்கு நடுவில் விழுந்து உடைந்தது. யாரும் எழுந்திருக்கவில்லை. எல்லோரும் திரும்பி சிங்காரவேலுவைப் பார்த்தார்கள். அவர் பந்தல்காலை விடாமல் நின்றார்.

கோவிந்தராசு வாசித்துக்கொண்டே இருந்தான். ஆனந்தவல்லி பாட்டை விட்டுவிட்டாள்.

"கச்சேரி முடிஞ்சுது," என்றாள். அவள் குரல் தென்னை மரங்களில் கட்டிய கூம்பு ஒலிபெருக்கிகளில் ஊர் முழுக்கப் போனது. "பந்தல் நிக்காது. எல்லாரும் எழுந்திருங்க. கொழந்தைங்களைத் தூக்கிக்குங்க. ரைஸ்மில்லு கட்டடம் கெட்டியா இருக்கு, எல்லாரும் மில்லுக்குப் போங்க. தெற்குத் தெருவுல இருக்கிறவங்களும் கெளம்பி வாங்க. வீட்டுல இருக்காதீங்க. எல்லாரும்."

மீரா உசேன் மெயினை அணைத்தார். கூட்டம் எழுந்து ஓடியது. கடைசி ஆள் கயிற்றைத் தாண்டிய கொஞ்ச நேரத்தில் பந்தல் மேடையோடு சேர்ந்து படுத்துவிட்டது. ஆர்மோனியம் அடியில் போயிற்று. கோவிந்தராசு அதையே திரும்பித் திரும்பிப் பார்த்தபடி நடந்தான்.

மில் சிங்காரவேலுவுடையது. அவரே ஓடிவந்து தகரக் கதவைத் தள்ளித் திறந்தார். ஊர்க்காரர்கள் முண்டியடித்துக்கொண்டு நுழைந்தார்கள். உள்ளே தரை முழுக்க, தகராறில் அரைக்காமல் போட்டிருந்த குறுவை நெல் முழங்கால் உயரத்துக்குப் பரப்பியிருந்தது.

ஆனந்தவல்லி வந்து சேர்ந்தபோது தெற்குத் தெரு ஜனங்களும் வந்துவிட்டார்கள். கதவுக்குக் கொஞ்ச தூரத்தில் மழையில் நின்றார்கள். முன்னால் ரெங்கம்மாள் என்ற பெண், பேத்தியைச் சாக்குக்குள் வைத்துப் பிடித்திருந்தாள். கடைசியில் கையைக் கட்டிக்கொண்டு நின்றவன்தான் சங்கத்து இராஜாங்கம்.

"நாங்களா வரல," என்றான் இராஜாங்கம். "மைக்குக் கொழாயில எல்லாரும் வாங்கன்னாங்க."

"யாரு சொன்னது எல்லாரும்னு?" என்றார் சிங்காரவேலு.

"நான்தாங்க சொன்னேன்," என்றாள் ஆனந்தவல்லி.

"உள்ள நெல்லு கெடக்கும்மா. இருக்கிறவங்களுக்கே எடமில்ல." அவர் கை கதவின் விளிம்பில் இருந்தது. குரலில் கோபமில்லை. கேட்பதுபோல்கூட இருந்தது.

ஆனந்தவல்லி கதவு ஓடும் இரும்புத் தடத்தின்மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"உள்ள வா வல்லி," என்றான் கோவிந்தராசு.

"முடியலங்க."

"எழுந்திரிம்மா, கதவைச் சாத்தணும்," என்றார் சிங்காரவேலு.

"முடியலங்கய்யா," என்றாள் மறுபடியும். உண்மையில் முடியவில்லை. மழை முதுகில் ஊசிபோலக் குத்தியது. ரெங்கம்மாள் கிட்டே வந்து குனிந்து அவள் முகத்தைப் பார்த்தாள்.

"நாங்க போகலாமாம்மா?"

ஆனந்தவல்லி முழங்காலை மடக்கி வழிவிட்டாள். ரெங்கம்மாள் அவளைத் தாண்டி உள்ளே போனாள். அவளுக்குப் பின்னால் மற்றவர்களும் போனார்கள். சிங்காரவேலு வா என்றும் சொல்லவில்லை, வராதே என்றும் சொல்லவில்லை. எல்லோரும் போனபிறகு இராஜாங்கம் வந்து, அவளைக் கைகொடுத்துத் தூக்கி நிறுத்தினான். கதவு காற்றில் இறுகிக்கொண்டது. உள்ளேயிருந்து ஒரு முனையைச் சிங்காரவேலு தள்ள, மறுமுனையை இராஜாங்கம் இழுத்துத்தான் அதை மூட முடிந்தது.

விடியும்போது காற்று அடங்கியிருந்தது. முதலில் வெளியே போன இராஜாங்கம் திரும்பி வந்து, தெற்குத் தெருவில் ஒரு கூரைகூட இல்லை என்றான். அங்கேயே வீடுகளில் தங்கிப்போன நாலைந்து கிழவர்களைத் தேட வேண்டும் என்றான். தெற்குத் தெருக்காரர்கள் எல்லோரும் அவன் பின்னால் போனார்கள். ஊர்க்காரர்களும் அவரவர் வீட்டைப் பார்க்க ஓடினார்கள். நடவு வயல்கள் எங்கே, வாய்க்கால் எங்கே என்று தெரியாமல் ஒரே தண்ணீராக இருந்தது.

"நடந்துதான் போகணும். வா," என்று கோவிந்தராசு வாசலிலிருந்து கூப்பிட்டான். பழைய குரல்தான். அதில் இனி என்ன இருக்கும் என்று அவளுக்குத் தெரியவில்லை.

அவள் புடவையைப் பிழிந்துகொண்டு திரும்பிப் பார்த்தாள். மில்லுக்குள் சிங்காரவேலு தனியாக நின்றார், கையில் நெல் தள்ளும் பலகை. நெற்பரப்பில் படுத்தவர்களின் பள்ளங்கள் அப்படியே இருந்தன. பெரியவர்கள் ஒருக்களித்துக் கிடந்த நீளப் பள்ளங்கள். அவற்றின் வயிற்றோரம் ஒட்டிக்கொண்டு குழந்தைகளின் சிறு குழிகள். ஊர்த் தெரு எது, தெற்குத் தெரு எது என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. ஒரு குழியில் ரெங்கம்மாளின் பேத்தி இன்னும் தூங்கிக்கொண்டிருந்தாள். கன்னத்தில் நெல் ஒட்டியிருந்தது. அவர் பலகையை ஒரு முறை தரையில் ஊன்றினார். பிறகு அதைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு, குழந்தைக்கு வாசல் வெளிச்சம் படாதபடி கொஞ்சம் நகர்ந்து நின்றார்.